வேலை அரசு ஆபீஸில், சம்பளம் ஏஜென்சியில்!

அந்தமானில் பெருகும் அவுட்சோர்சிங் வேலைகள்: ஒரு நூற்றாண்டுக் கதையும், சேருவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளும்

போர்ட் பிளேரில் காலேஜ் முடித்த ஒரு பிள்ளையிடம் "எங்கேம்மா வேலை பார்க்கிறே?" என்று கேட்டுப் பாருங்கள். "செக்ரடேரியட்ல அங்கிள்", "ஆஸ்பத்திரியில", "ஹார்பர்ல" என்று உற்சாகமாகப் பதில் வரும். "பர்மனென்ட்டா?" என்று அடுத்த கேள்வியைப் போட்டால் குரல் கொஞ்சம் இறங்கும். "இல்ல அங்கிள்... ஏஜென்சி மூலமா."

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்ட ஊர் அது. பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான். அங்கே டேட்டா என்ட்ரி, டிரைவர், செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், ஆபீஸ் உதவியாளர் என எந்த வேலையை எடுத்தாலும் ஏஜென்சி வழியாக வந்தவர்கள் இருக்கிறார்கள். அட்டெண்டன்ஸில் கையெழுத்து வாங்குபவர் அரசு அதிகாரி. லீவு கொடுப்பதும் திட்டுவதும் அவரே. சம்பளம் மட்டும் யாரோ ஒரு மேன்பவர் நிறுவனத்தின் கணக்கிலிருந்து வரும். அந்த நிறுவனத்தின் முதலாளியை நேரில் பார்த்தவர்கள் அபூர்வம்.

இதற்கு ஏன் இவ்வளவு பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதற்கு ஒரே ஒரு எண் போதும். மத்தியப் புள்ளியியல் துறை 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை எடுத்த தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, பட்டதாரிகளின் வேலையின்மை இந்தியாவிலேயே அதிகமாக இருந்த இடம் அந்தமான் நிக்கோபார். 33%. வேலை பார்ப்பவர்களையும் தேடுபவர்களையும் சேர்த்தால், மூன்று பட்டதாரிகளில் ஒருவருக்கு வேலை இல்லை. அதே கணக்கில் சண்டிகருக்கு 5.6%தான்.

இந்த நிலையில் எந்தக் கதவு திறந்தாலும் உள்ளே போய்விடலாம் என்றுதான் தோன்றும். கதவைத் திறப்பவர் யார், அதற்கு என்ன வாங்கிக்கொள்கிறார் என்று யாரும் நின்று கேட்பதில்லை.

தீவின் ஒரே பெரிய முதலாளி

அந்தமான் நிக்கோபாரில் தீவு, திட்டு, பாறை எல்லாம் சேர்த்து 836. மக்கள் வாழ்வது அவற்றில் 31-ல் மட்டும். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 3.8 லட்சம். அதில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 15%. வங்காளம், இந்திக்கு அடுத்த இடம் நமக்கு. போர்ட் பிளேர் வெற்றிமலை முருகன் கோயிலில் பங்குனி உத்திரக் காவடிக் கூட்டத்தைப் பார்த்தால் இந்தக் கணக்கு தானாகப் புரியும்.

இந்த 3.8 லட்சம் பேருக்குச் சோறு போட்டது முன்பு காடு. பிரிட்டிஷார் 1883-ல் தொடங்கிய சாத்தம் மரஅறுவை ஆலை, அதன் பிறகு வந்த ப்ளைவுட் ஆலைகள், 1977-ல் தொடங்கிய அரசின் வன, தோட்ட வளர்ச்சிக் கழகம் ஆகியவைதான் சம்பளம் தந்த இடங்கள். பூர்வகுடிகளும் காடும் அழிகின்றன என்று போடப்பட்ட வழக்கில், சேகர் சிங் கமிஷன் அறிக்கையை ஏற்று 2002 மே 7-ம் தேதி உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்டது. காட்டுக்கு அது நல்ல தீர்ப்பு. ஆனால் வேலை இழந்தவர்களுக்கு மாற்று வழி யாரும் யோசிக்கவில்லை. ப்ளைவுட் ஆலைகள் மூடப்பட்டன. கழகம் நஷ்டத்திலேயே தள்ளாடி, 2017 ஆகஸ்டில் அதை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

மிச்சம் இருப்பவை இரண்டு. ஒன்று சுற்றுலா. அது அக்டோபரில் தொடங்கி மே மாதத்தோடு படுத்துவிடும். மற்றொன்று அரசு நிர்வாகம். இது மழைக்காலத்திலும் சம்பளம் தரும். ஆகவே தீவுக்காரரின் கனவில் வேலை என்றால் அரசு வேலைதான். அந்த அரசோ நிரந்தரப் பணியிடங்களைக் குறைத்து, காலி இடங்களுக்கு டெண்டர் விட்டு ஆள் எடுக்கிறது. ஏஜென்சி இதில் புதிதாக ஒரு வேலையையும் உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த மேஜைக்கும் அதில் உட்காரப் போகிறவருக்கும் நடுவில் வந்து நிற்கிறது. அவ்வளவுதான்.

1918-ல் வந்த முதல் ஏஜென்சி

நடுவில் ஒருவர் நின்று ஆள் பிடித்துத் தருவது அந்தமானுக்குப் புதிதல்ல. 1858-ல் கைதிகள் குடியேற்றம் தொடங்கிய காலத்தில் கூலிக்கு ஆள் தேட வேண்டிய கஷ்டமே அரசுக்கு இல்லை. நாடு கடத்தப்பட்டவர்கள்தான் கூலிகள். முதல் உலகப்போர் சமயத்தில் மரத்தின் தேவை ஏறியது. காடு வெட்டக் கைதிகள் போதவில்லை. அப்போது வனத்துறை கை நீட்டியது ராஞ்சியிலிருந்த கத்தோலிக்க லேபர் பீரோவிடம். 1918-ல் சோட்டா நாக்பூரின் ஓராவ்ன், முண்டா, கரியா பழங்குடிகளில் சுமார் 400 பேர் கப்பலேற்றப்பட்டார்கள். குறுகிய கால ஒப்பந்தம், முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு.

அந்தமானின் முதல் 'டெம்பரரி' ஆள் பிடிப்பு ஏஜென்சி என்று அதைத்தான் சொல்ல வேண்டும். வந்தவர்களுக்குப் பொதுவாக 'ராஞ்சி' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. சாலை போட்டதும், மரம் சாய்த்ததும், குடியேறியவர்களுக்கு நிலம் திருத்தியதும் அவர்கள் கைகள். பலர் ஊர் திரும்பாமல் காட்டோரத்தில் குடிசை போட்டுத் தங்கிவிட்டார்கள். ஒப்பந்தத்தில் தங்குவதற்கு இடமில்லை என்பதால் நிலப் பட்டாவும் இல்லை. ஆக்கிரமிப்பாளர்கள் என்ற பெயர்தான் கிடைத்தது. சொந்த மாநிலத்தில் பட்டியல் பழங்குடியினர். அந்தமானில் அந்தத் தகுதி கிடையாது. தாத்தா போட்ட கைநாட்டின் விளைவைப் பேரன் வரை சுமக்கிறார்கள்.

தமிழனுக்கும் இந்தக் கதை பழக்கமானதுதான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் ஆட்களைக் கங்காணி கூட்டிப் போனார். கையில் முன்பணம் கொடுத்து, கப்பல் செலவைக் கடனில் எழுதி, தோட்டத்தில் தலைக்கு இத்தனை காசு என்று துரையிடம் தினக் கமிஷனும் வாங்கினார். கடனை எழுதிக் கையில் கொடுத்த துண்டுச் சீட்டு முறையை 1921-ல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பியவர்களில் ஒரு சிறு பகுதியினரை அரசு நிக்கோபாரின் கச்சால் தீவில், ரப்பர் தோட்ட வேலைக்காகக் குடியமர்த்தியது. கங்காணி கூட்டிப்போன குடும்பத்தின் வாரிசுகள் மறுபடி ஒரு தீவு, மறுபடி ஒரு தோட்டம் என்று வந்து சேர்ந்தார்கள். 2004 சுனாமி அந்தக் கச்சாலையும் விட்டுவைக்கவில்லை.

மஸ்தூர் போய் அவுட்சோர்சிங் வந்தது

சுதந்திரத்துக்குப் பிறகு ஆள் எடுக்கும் வேலையை அரசு தானே செய்தது. பொதுப்பணித் துறை, மின்துறை, துறைமுகம் எல்லாவற்றிலும் தினக்கூலிக்கு ஆள் சேர்த்தார்கள். 'டெய்லி ரேட்டட் மஸ்தூர்', சுருக்கமாக டி.ஆர்.எம். 'தினக்கூலி' என்று பெயர். ஆனால் பத்து, இருபது வருடம் அதே கூலியில் உழைத்தவர்கள் உண்டு.

டி.ஆர்.எம். வாழ்க்கையும் சுகமானதல்ல. ஆனால் அவர்களுக்கு ஒரு பிடி இருந்தது. முதலாளி யார் என்று தெரியும், அது அரசு. 1986-ல் மத்தியப் பொதுப்பணித் துறைத் தினக்கூலிகள் வழக்கில் 'ஒரே வேலைக்கு ஒரே ஊதியம்' என்றது உச்ச நீதிமன்றம். நிரந்தரப் பணியாளரின் அதே வேலையைச் செய்யும் தினக்கூலிக்கு, குறைந்தபட்ச ஊதிய விகிதத்தில் 30-ல் ஒரு பங்கும் அகவிலைப்படியும் தினமும் தர வேண்டும் என்று 1988 ஜூன் 7-ம் தேதி மத்திய அரசு உத்தரவு போட்டது. அந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு தொழிற்சங்கங்கள் வருடக்கணக்கில் கோர்ட் படி ஏறின.

அதன் உச்சக்கட்டம் 2023 ஆகஸ்ட் 3. சுமார் 4,000 மஸ்தூர்களின் ஊதியம் பற்றிய உத்தரவை நிறைவேற்றவில்லை என்று, போர்ட் பிளேரில் அமரும் கல்கத்தா உயர் நீதிமன்ற அமர்வு தலைமைச் செயலாளரை சஸ்பெண்ட் செய்தது. துணைநிலை ஆளுநருக்கு 5 லட்ச ரூபாய் அபராதம், அதுவும் சொந்தப் பணத்திலிருந்து. மறுநாளே உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. தடை வந்தாலும் நாடு முழுக்க ஒரு நாள் அந்தமான் மஸ்தூரைப் பற்றிப் பேசியது.

இனி அவுட்சோர்சிங் ஊழியரை நினைத்துப் பாருங்கள். அவர் வழக்குப் போட்டால் துறை கை விரிக்கும்: "இவர் எங்கள் ஊழியரே இல்லை, ஏஜென்சியைக் கேளுங்கள்." ஏஜென்சி சொல்லும்: "டெண்டர் முடிந்துவிட்டது, எங்களுக்குச் சம்பந்தமில்லை." சட்டமும் இங்கே ஏஜென்சி ஊழியருக்கு அவ்வளவு சாதகமாக இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர் முறை தடை செய்யப்பட்ட இடத்தில்கூட அவர்கள் தானாக நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று 2001-ல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2006 உமாதேவி தீர்ப்பு, முறையான தேர்வு இல்லாமல் உள்ளே வந்தவர்களை நிரந்தரமாக்கும் கதவையும் ஏறக்குறைய சாத்தியது. 2024 டிசம்பர் 20-ம் தேதி வந்த ஜக்கோ வழக்குத் தீர்ப்பு மட்டும் கொஞ்சம் காற்று வரவிட்டிருக்கிறது. மத்திய நீர் ஆணையத்தில் வருடக்கணக்கில் துப்புரவு, தோட்ட வேலை பார்த்தவர்களை நிறுத்திவிட்டு அந்த வேலையை அவுட்சோர்ஸ் செய்ததைக் கண்டித்த நீதிபதிகள், அவர்களை நிரந்தரமாக்கச் சொன்னார்கள். அரசு நிறுவனங்கள் அவுட்சோர்சிங்கைக் கேடயமாக்குகின்றன என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஒரு சம்பளச் சீட்டைப் பிரித்துப் பார்ப்போம்

ஏஜென்சி என்னதான் சம்பாதிக்கிறது? கணக்கு எளிதாக இருக்க, ஒருவரின் தினக்கூலி 600 ரூபாய், மாதம் 26 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 15,600 ரூபாய்.

சட்டப்படி இதிலிருந்து பி.எஃப். பிடித்தம் 12%. உச்சவரம்பு 15,000 ரூபாய் என்பதால் 1,800. கையில் வர வேண்டியது 13,800. (இ.எஸ்.ஐ. பொருந்தும் இடத்தில் இன்னும் 0.75% பிடிப்பார்கள்.) முதலாளி தன் பங்காக 12% பி.எஃப்., காப்பீடு, நிர்வாகக் கட்டணம் எல்லாம் சேர்த்து 13%, அதாவது 1,950 ரூபாய் கட்ட வேண்டும். இதை ஏஜென்சிக்குத் தருவது துறை. தொழிலாளியின் கூலியில் அதைத் தொடவே கூடாது.

அரசுத் துறைகள் இப்போது ஆள் எடுப்பது ஜெம் என்ற இணையதள டெண்டரில். குறைந்த விலை கேட்டவருக்கே ஒப்பந்தம். கூலியைக் குறைத்துக் கேட்க முடியாது, குறைந்தபட்ச ஊதியத்தைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. போட்டியெல்லாம் ஏஜென்சியின் கமிஷனில்தான். ஒரு காலத்தில் பைசாக் கணக்கில் கமிஷன் கேட்டு டெண்டர் எடுத்தார்கள். இது நடக்கிற காரியமா என்று நிதி அமைச்சகத்துக்கே உறைத்து, 2023 ஜனவரியில் குறைந்தபட்ச சேவைக் கட்டணம் நிர்ணயிக்க வழி செய்தது. 3.85% என்பது அடிமட்டம்.

நம் 15,600 ரூபாயில் 3.85% எவ்வளவு? 600 ரூபாய் 60 காசு. கிட்டத்தட்ட ஒரு நாள் கூலி. தொழிலாளி 26 நாள் உழைக்கிறார். அந்தக் கூலியோடு 27-வதாக ஒரு நாள் கூலியையும் அரசு சேர்த்து எழுதி ஏஜென்சிக்குத் தருகிறது. கங்காணியின் தலைக்காசு இன்று சதவீதக் கணக்கில் வருகிறது.

50 பேரை அனுப்பும் ஏஜென்சிக்கு நேர்மையான மாத வருமானம் 30,030 ரூபாய். இதில் ஆபீஸ் வாடகை, கணக்காளர் சம்பளம், டெபாசிட்டுக்கு வட்டி எல்லாம் போக வேண்டும். துறை பில்லைப் பாஸ் செய்ய இரண்டு, மூன்று மாதம் இழுத்தால், அதுவரை கைக்காசைப் போட்டுச் சம்பளம் தர வேண்டும். நேர்மையான சின்ன ஏஜென்சி மூச்சுத் திணறும். நேர்மையற்றவருக்கு வழி வேறு. முதலாளி பங்கான 1,950 ரூபாயையும் தொழிலாளியின் கூலியிலேயே கழித்துவிட்டு, துறையிடம் வாங்கியதைப் பையில் போட்டுக்கொண்டால் போதும். தொழிலாளி கையில் 13,800-க்குப் பதில் 11,850. 50 பேருக்கு மாதம் 97,500 ரூபாய். நேர்மைக்கு 30,000, திருட்டுக்கு 97,500 என்றால் டெண்டர் யார் பக்கம் சாயும்?

சம்பளத்தை வங்கியில் போட்டுவிட்டு, "இவ்வளவு எடுத்துக் கொண்டு வா" என்று கையில் திருப்பி வாங்குவதும், சேரும்போதே "டெபாசிட்" என்று ஒரு தொகை கறப்பதும் இந்தத் தொழிலின் பழைய தந்திரங்கள். பாஸ்புக்கில் எல்லாம் சுத்தமாக இருக்கும்.

ஏஜென்சி மாறும், ஆள் மாறமாட்டார்

டெண்டர் பெரும்பாலும் ஓராண்டு, இரண்டு ஆண்டு. முடிந்ததும் புது ஏஜென்சி. ஆனால் ஃபைல் எங்கே இருக்கிறது, எந்த ரிஜிஸ்டரில் என்ன எழுத வேண்டும் என்று தெரிந்த பழைய ஆள்தான் துறைக்கு வேண்டும். ஆகவே அதே பெண், அதே நாற்காலி, புது ஏஜென்சியின் அடையாள அட்டை.

பார்க்க வசதியாகத் தெரியும். அடியில் நடப்பது வேறு. கிராஜுவிட்டிக்குப் பழைய சட்டத்தில் ஒரே முதலாளியிடம் தொடர்ந்து 5 ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். ஏஜென்சி மாறும் ஒவ்வொரு முறையும் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. பத்து வருடம் ஒரே ஆபீஸில் இருந்தவருக்கு, காகிதத்தில் அனுபவம் ஒரு வருடம் கூட இருக்காது. பி.எஃப். பணம் இரண்டு, மூன்று கணக்குகளில் சிதறிக் கிடக்கும். டெண்டர் மாறும் மாதத்தில் மகப்பேறு விடுப்பில் இருக்கும் பெண்ணின் பெயர் புதுப் பட்டியலில் ஏறாமல் போனால் கேட்க நாதியில்லை.

சென்னைவாசிகளுக்கு இது அந்நியமான விஷயமல்ல. 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்த ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் கேட்டதும் இதைத்தான். குப்பை அள்ள மாட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை. தனியாரிடம் தள்ளாதீர்கள், மாநகராட்சியின் கீழேயே வைத்திருங்கள் என்றார்கள்.

கடல் கடந்தும் கணக்கில் வராதவர்கள்

இதுவரை சொன்னது தீவில் பிறந்து வளர்ந்தவர்களின் கதை. மெயின்லேண்டிலிருந்து மேஸ்திரி வழியாக வருகிறவர்களின் பாடு தனி. சாலை, கட்டட வேலைக்கும், ஸ்வராஜ் த்வீப் (பழைய ஹேவ்லாக்) ரிசார்ட்டுகளில் சமையல், ரூம் பாய் வேலைக்கும் தமிழ்நாடு, மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், ஆந்திரா என்று எல்லா இடங்களிலிருந்தும் ஆள் வருகிறது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடல்வழி சுமார் 1,200 கி.மீ. கப்பலில் மூன்று நாள். தீவுவாசி அட்டை இருப்பவருக்குச் சலுகைக் கட்டணம். வேலைக்கு வருகிறவருக்கு முழுக் கட்டணம். அதையும் மேஸ்திரி அட்வான்ஸில் எழுதிக்கொள்வார்.

ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். தமிழ்நாட்டுக்காரர் துபாய்க்கு வேலைக்குப் போக ஏஜென்ட்டிடம் போனால், அந்த ஏஜென்ட் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் நடத்துகிறது. அதே ஆள் போர்ட் பிளேருக்குப் போனால், உள்நாடு என்பதால் அந்த ஏஜென்ட்டை இந்தச் சட்டம் எதுவும் கேட்காது. உள்நாட்டு வேலை ஏஜென்சிகளை ஒழுங்குபடுத்த நாடு தழுவிய தனிச் சட்டம் இல்லை. சத்தீஸ்கர் போன்ற சில மாநிலங்கள் தங்கள் பெண்கள் டெல்லிக்குக் கடத்தப்படுவதைப் பார்த்து, தாங்களாகச் சட்டம் போட்டுக்கொண்டன. வேலை தேடுபவரிடம் ஏஜென்சி பணம் வாங்கக் கூடாது என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ம் ஆண்டு 181-வது உடன்படிக்கை. இந்தியா அதை ஏற்கவில்லை.

இனி வரப்போகும் கூட்டம் இதைவிடப் பெரியது. கிரேட் நிக்கோபாரில் கலாத்தியா விரிகுடாவில் சரக்குத் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், நகரம் என்று 72,000 கோடி ரூபாயில் திட்டமிட்டு, 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதியும் கொடுத்தாகிவிட்டது. மதிப்பீடு அதற்கு மேலும் ஏறியிருக்கிறது. இன்று எட்டாயிரம் சொச்சம் பேர் வாழும் தீவில், முப்பது ஆண்டுகளில் 3.5 லட்சம் பேர் இருப்பார்கள் என்கிறது திட்டம். காடும் அங்குள்ள பூர்வகுடிகளான ஷொம்பென் மக்களும் என்ன ஆவார்கள் என்ற கேள்வி தனியாகப் பேச வேண்டியது. கட்டுமானத்துக்கு வரும் ஆயிரக்கணக்கான கூலிகளை யார் கூட்டி வரப்போகிறார்கள் என்பதும் கேள்விதான். போர்ட் பிளேரிலிருந்து கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பே 500 கி.மீ.க்கு மேல். சம்பளம் வரவில்லை என்று புகார் சொல்ல ஒரு கூலி கப்பலேறி வருவாரா? சோதிக்க இன்ஸ்பெக்டர் எத்தனை முறை போவார்?

சட்டம் தந்ததும் எடுத்ததும்

2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன. அதில் ஏஜென்சி ஊழியருக்கு நல்லதும் இருக்கிறது. எல்லோருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் வர வேண்டும். வேலையை விட்டால் இரண்டு வேலை நாட்களில் கணக்குத் தீர்க்க வேண்டும். காண்ட்ராக்டர் கூலி தராவிட்டால், வேலை வாங்கிய முதன்மை முதலாளி தர வேண்டும். கேட்டால் காண்ட்ராக்டர் அனுபவச் சான்றிதழ் தர வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு ஒருமுறை சொந்த ஊர் போய்வர முதலாளி பயணப்படி தர வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு என்று எழுத்தில் நியமிக்கப்பட்டவருக்கு ஓராண்டிலேயே கிராஜுவிட்டி உண்டு.

எடுத்துக்கொண்டதும் இருக்கிறது. 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் 20 பேரை வைத்திருந்தாலே காண்ட்ராக்டருக்கு லைசென்ஸ் வேண்டும். இப்போது அது 50. பெருநகரத்தில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. தீவில் ஒரு ஜெட்டி, ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், ஒரு பள்ளி என்று வேலை சிதறிக் கிடக்கிறது. முப்பது, நாற்பது பேரை வைத்துத் தொழில் செய்யும் காண்ட்ராக்டர் நேற்று வரை லைசென்ஸுக்குள் இருந்தார். இன்று வெளியே.

பெட்டிச் செய்தி: கையெழுத்துப் போடும் முன்...

1. சேர்வதற்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். டெபாசிட், யூனிஃபார்ம், ட்ரெய்னிங் என எந்தப் பெயரில் கேட்டாலும் சரி.

2. ஒப்பந்த எண்ணைக் கேளுங்கள். எந்தத் துறை, எத்தனை பேர், எந்தத் தேதி வரை என்பது அதில் இருக்கும். ஏஜென்சி மழுப்பினால் துறையில் விசாரியுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் வாங்கலாம்.

3. நியமனக் கடிதத்தில் தினக்கூலி, பிடித்தம், முதலாளி பங்கு மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். காலவரையறையும் எழுத்தில் இருக்கட்டும்.

4. பி.எஃப்.புக்கு யு.ஏ.என். என்ற கணக்கு எண் ஒருவருக்கு ஒன்றுதான். ஏஜென்சி மாறினாலும் அதே எண்ணையே கொடுங்கள். மாதம் ஒருமுறை உமங் செயலியில் பாஸ்புக் பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து பாஸ்புக்கில் வரவு இல்லையென்றால் அன்றே புகார் செய்யுங்கள்.

5. வங்கியில் வந்த சம்பளத்தை ஒரு ரூபாய்கூடக் கையில் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

6. ஒப்பந்தம் முடியும்போது அனுபவச் சான்றிதழை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

7. புகாரை ஏஜென்சியோடு நிறுத்தாதீர்கள். துறைத் தலைவருக்கும் தொழிலாளர் ஆணையருக்கும் நகல் போக வேண்டும்.

நடுவில் ஒருவர் இருந்தே ஆக வேண்டுமா?

"எல்லோரையும் நிரந்தரமாக்க அரசிடம் பணமில்லை" என்பார்கள். வாதத்துக்கு அதை ஒப்புக்கொண்டாலும், நடுவில் நிற்பவர் தனியாராகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரர்களுக்காக 1986-ல் தொடங்கிய டெக்ஸ்கோ, அரசு நிறுவனங்களுக்குக் காவலர்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அது அரசு நிறுவனம். ஆந்திராவில் 2020 ஜூலையில் தனியார் ஏஜென்சிகளை ஓரங்கட்டி, அவுட்சோர்சிங் ஊழியர்களுக்கென்றே 'ஆப்காஸ்' என்ற அரசுக் கழகம் தொடங்கினார்கள். ஹரியானாவில் கௌஷல் ரோஜ்கார் நிகம் இருக்கிறது. உத்தரப்பிரதேச அமைச்சரவை 2025 செப்டம்பரில் இதேபோன்ற கழகத்துக்கு ஒப்புதல் தந்தது. வெவ்வேறு கட்சிகளின் ஆட்சி, ஒரே முடிவு. இவற்றில் வேலை நிரந்தரமாகிவிடவில்லை. அந்தக் குறை அப்படியே இருக்கிறது. ஆனால் கமிஷன் திருட்டுக்கு இடம் குறைகிறது, இட ஒதுக்கீட்டைக் கடைப்பிடிக்கச் சொல்ல முடிகிறது, பி.எஃப். கட்டவில்லை என்றால் சட்டமன்றத்தில் கேள்வி கேட்க முடிகிறது.

அந்தமானுக்குச் சட்டமன்றம் கிடையாது. ஒரே ஒரு நாடாளுமன்ற உறுப்பினர்தான். கேள்வி கேட்கும் இடம் குறைவு என்பதாலேயே இங்கு இப்படி ஒரு அமைப்பு மாநிலங்களைவிட அவசரமாகத் தேவை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவைத்துக் காத்திருக்கும் பிள்ளைகளின் பட்டியல் நிர்வாகத்தின் கையிலேயே இருக்கிறது. நிர்வாகமே நடத்தும் 'தி டெய்லி டெலிகிராம்ஸ்' நாளிதழ் இருக்கிறது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி இணையக் கேபிளும் வந்துவிட்டது. காலி இடத்தை நாளிதழில் போட்டு, பதிவு மூப்பின்படி ஆள் எடுத்து, சம்பளத்தை நேரடியாக வங்கியில் போட ஒரு தனியார் நிறுவனம் எதற்கு?

நிர்வாகம் இன்றே செய்யக்கூடியவை மூன்று. எந்தத் துறையில் எந்த ஏஜென்சி எத்தனை பேரை வைத்திருக்கிறது, என்ன கூலி, டெண்டர் எப்போது முடிகிறது என்ற பட்டியலை இணையத்தில் போடட்டும். பி.எஃப். கட்டிய ரசீது இல்லாமல் ஏஜென்சியின் அடுத்த மாத பில்லைப் பாஸ் செய்யாதிருக்கட்டும். ஏஜென்சி மாறினாலும் அதே இடத்தில் தொடர்பவரின் பணிக்காலத்தை ஒரே கணக்காக எண்ண வேண்டும் என்ற நிபந்தனையை டெண்டரிலேயே எழுதட்டும். இதற்குப் புதுச் சட்டமோ கூடுதல் நிதியோ தேவையில்லை.

வேலை தேடும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஏஜென்சி வேலை கேவலமில்லை, கிடைத்தால் சேருங்கள். ஆனால் போட்டித் தேர்வுப் புத்தகத்தை மூடி வைத்துவிடாதீர்கள். சம்பளச் சீட்டையும் பி.எஃப். பாஸ்புக்கையும் மாதம் தவறாமல் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பைசா இடித்தாலும் எழுத்தில் கேளுங்கள். 27-வது நாள் கூலியை வாங்கிக்கொள்பவர் உங்கள் 26 நாள் கூலிக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்.